பூட்டுப் படம் போடும் ஆர்க்கிடெக்ட்களுக்கு

புதிதாக செக்யூரிட்டி ஆர்க்கிடெக்ட் ஆனவர்களின் டிசைன்களை ரிவ்யூ செய்வது என் வேலையில் ஒரு பகுதி. பாஸ்வேர்டை கோடிலேயே எழுதிவைப்பது, பேட்ச் போடாமல் விடுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை தெரியாமல் இந்த நாற்காலிக்கு யாரும் வருவதில்லை. ஒரு காலத்தில் நான் வரைந்த படங்களில் இருந்த ஓட்டைகளே இப்போது வேறு கைகளிலிருந்து வருகின்றன. அவற்றில் சில.

'என்கிரிப்ட் பண்ணியாச்சு' என்று முடித்துக்கொள்வது

சமீபத்தில் வந்த ஒரு டிசைனில் டேட்டாபேஸுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பூட்டு. "சாவி யார் கையில் இருக்கிறது?" என்று கேட்டேன். "ஏஇஎஸ்-256 சார்" என்றார் தம்பி. அது என்கிரிப்ஷன் முறையின் பெயர், சாவி வைத்திருப்பவரின் பெயர் அல்ல. மறுபடி கேட்டதற்கு, "அதை கிளவுடே பார்த்துக்கும் சார்." எனக்கு இன்னமும் எரிச்சலூட்டும் பதில் இதுதான்.

2019-இல் கேபிடல் ஒன் வங்கிக்கு நடந்ததைப் பாருங்கள். அங்கும் தகவல்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டுத்தான் இருந்தன. வெப் ஃபயர்வால் ஓடிய சர்வரின் கான்ஃபிகரேஷனில் ஓட்டை. வெளியிலிருந்து வந்த கோரிக்கையை அது 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரிக்குத் தள்ளிவிட்டது. சர்வருக்கு உள்ளிருந்து மட்டும் எட்டும் முகவரி அது. கேட்டால் அந்த சர்வரின் ரோலுக்கு, அதாவது அதற்குத் தரப்பட்ட அனுமதிகளின் தொகுப்புக்கு, உரிய தற்காலிகச் சாவிகளைக் கொடுக்கும். கொடுத்தது. அந்த ரோல் அமேசான் கிளவுடில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்3 பக்கெட்டுகளைப் பட்டியலிடலாம், படிக்கலாம். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் போயின. 2020-இல் 8 கோடி டாலர் அபராதம்.

என்கிரிப்ஷன் என்ன ஆனது? உரிமையுள்ள ரோல் கேட்டால் அதுவாகவே பிரித்துக் கொடுத்துவிடும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு ஓடும் திருடனுக்குத்தான் அந்தப் பூட்டு தடை. டோக்கனாக, அதாவது அசலுக்குப் பதில் வைக்கும் மாற்று எண்ணாக, மாற்றப்பட்டிருந்த எண்கள் மட்டும் தப்பின, ஏனென்றால் அவற்றைத் திறக்கும் முறையும் சாவியும் வேறு.

எனக்கு ஆறாத கேள்வி ஒன்றுதான்: ஃபயர்வாலுக்கு எதற்கய்யா கிரெடிட் கார்டு விண்ணப்பங்களைப் படிக்கும் அனுமதி?

ஆகவே ஒவ்வொரு பூட்டுக்குப் பக்கத்திலும் எழுதுங்கள்: எந்த ரோல் இதைத் திறக்கலாம், அந்த ரோல் எந்த மெஷினில் இருக்கிறது, அந்த மெஷின் திருடன் கைக்குப் போனால் அவன் எதுவரை போகலாம். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் என்றால், அந்த மெட்டாடேட்டா சேவையின் பாதுகாப்பான பதிப்பான ஐஎம்டிஎஸ் வி2-வைக் கட்டாயமாக்குங்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பரில் வந்தது அது.

முதலில் டூல், அப்புறம் பிரச்சினை

வேண்டாம்.

பேக்கப்பையும் அதே டொமைனில் சேர்ப்பது

தகவலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்காரன் அட்மின் கணக்கோடு வருவான். அதே டொமைன் என்றால் அதே கணக்கு பேக்கப்பையும் திறக்கும். அவ்வளவுதான்.

முடிவு தேதி இல்லாத விதிவிலக்கு

"தற்காலிகமாக" என்று அனுமதி கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் காலாவதி தேதியோடு. 2021-இல் அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைனுக்குள் நுழைந்தவர்களுக்கு வழிவிட்டது, வெளியிலிருந்து நெட்வொர்க்குக்குள் வர உதவும் விபிஎன்னில் பயன்பாட்டிலேயே இல்லாத ஒரு பழைய கணக்கு. அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லை.

லாகைக் கடைசியில் யோசிப்பது

லாக் என்றால் சிஸ்டத்தில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவு. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவுப்படி, சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். லாக் எந்த சர்வரில் இருக்கிறது என்று தேடுவதிலேயே அந்த 6 மணி நேரத்தில் பாதி கரைந்த இடங்கள் உண்டு. அது எங்கே போய்ச் சேரும், ராத்திரி 2 மணிக்கு யாருக்கு போன் போகும் என்பதை டிசைனின் முதல் வெர்ஷனிலேயே எழுதிவிடுங்கள்.