இரும்பில் சால்டர் ஒட்டாமல் உருண்டு ஓடுகிறதா?

செம்புக் கம்பியில் தொட்டதும் பரவுகிற சால்டர் (உலோகங்களை ஒட்ட உருக்கும் உலோகக் கலவை), இரும்பில் மட்டும் பாதரசம் மாதிரி உருண்டு விழும். சூடு போதவில்லை என்று நினைத்து சால்டரிங் அயர்னை இன்னும் அழுத்துவார்கள். பெரும்பாலும் குறை சூட்டில் இல்லை, பிளக்ஸில்தான் (உலோகத்தின் ஆக்சைடை நீக்கிச் சால்டரை ஒட்டவைக்கும் பொருள்). எலக்ட்ரானிக்ஸ் சால்டர் கம்பிக்குள் இருக்கும் ரோசின் என்ற பிசின் பிளக்ஸ், செம்பின் மேல் படிந்த ஆக்சைடை நீக்கும். இரும்பின் ஆக்சைடு அதற்கு மசியாது.

என்னென்ன வேண்டும்

60/40 சால்டர் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்; 183-லிருந்து 190 டிகிரிக்குள் உருகிவிடும்). 1 மி.மீ. தகடு, 3 மி.மீ. கம்பி போன்றவற்றுக்கு 100 வாட் அயர்ன். 25 வாட் அயர்னை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். முனை பூச்சில்லாத தடித்த செம்பாக இருக்கட்டும். ஆசிட் பிளக்ஸ் எந்த முனையையும் அரிக்கும். வெறும் செம்பு என்றால் அரம் போட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம்.

பிளக்ஸ்: துத்தநாகக் குளோரைடு. தயாராக வாங்குவதே நல்லது. நீங்களே செய்வதானால், திறந்த வெளியில், கண்ணாடிப் பாத்திரத்தில், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நுரைப்பது நின்று, அடியில் துத்தநாகம் மீந்திருந்தால் பிளக்ஸ் தயார். வருகிற வாயு ஹைட்ரஜன், பக்கத்தில் நெருப்பு கூடாது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம் ஒரு சிட்டிகை சேர்த்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

1. சுத்தம்

தகட்டின் கருப்புப் படலத்தை அரத்தால் எடுத்து, 120 நம்பர் எமரியால் பளபளக்கத் தேயுங்கள். குரோம் பூச்சு இருந்தால் முழுக்க எடுக்க வேண்டும். ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் பூச்சை எடுக்காதீர்கள், அதன் மேலேயே சால்டர் பிடிக்கும். தின்னரால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது.

2. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக ஈயப்பூச்சு

ஈயப்பூச்சு என்றால் சால்டரையே மெல்லிய படலமாகப் பூசுவது. இதைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் இணைப்பு பிய்ந்து வரும்.

பிளக்ஸை மெல்லிசாகத் தடவி, ஈயம் பூசிய அயர்ன் முனையின் தட்டையான பக்கத்தை இரும்பின் மேல் வையுங்கள். முதலில் தண்ணீர் ஆவியாகிச் சடசடக்கும். அது அடங்கியதும் சால்டரை முனையில் அல்ல, இரும்பில் தொடுங்கள். செம்போடு ஒப்பிட்டால் இரும்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு வேகத்தில்தான் சூட்டைக் கடத்தும். முனைக்குக் கீழே பிளக்ஸ் கருகும்போதே இரண்டு செ.மீ. தள்ளிக் குளிர்ந்திருக்கும். அதனால் அயர்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெதுவாக நகர்த்துங்கள்.

சால்டர் உருகியிருக்கும்போதே பருத்தித் துணியால் ஒரே இழுப்பாகத் துடையுங்கள். வெள்ளிப் படலம் இடைவெளியில்லாமல் தெரிந்தால் சரி. நடுவில் கருந்திட்டுகள் இருந்தால் அங்கே பிடிக்கவில்லை. பிளக்ஸ் பழுப்பாகவோ கருப்பாகவோ காய்ந்திருந்தால் கருகிவிட்டது என்று பொருள். அதன் மேல் எவ்வளவு சால்டர் வைத்தாலும் வீண். கழுவி, தேய்த்து, புது பிளக்ஸோடு ஆரம்பியுங்கள்.

3. சேர்ப்பது

பூசிய பக்கங்களை ஒன்றின் மேல் ஒன்றாக 10 மி.மீ. ஏறும்படி வைத்து, பிளக்ஸ் தொட்டு, கிளாம்ப் போட்டுச் சூடாக்குங்கள். விளிம்போடு விளிம்பு வைத்தால் நிற்காது. இடைவெளி 0.1 மி.மீ. அளவில் இருந்தால் வலு அதிகம். பெரிய இடைவெளியைச் சால்டரால் நிரப்பினால் சால்டரின் சொந்த வலுதான் மிஞ்சும், அது மிகக் குறைவு. இறுகும்வரை அசைக்காதீர்கள். பியானோ கம்பிகளை (கடினமான எஃகுக் கம்பி) சேர்ப்பதானால் முதலில் மெல்லிய செம்புக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

4. கழுவுவது

துத்தநாகக் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். கழுவாமல் விட்டால் சீக்கிரமே துரு பிடித்துவிடும். சமையல் சோடா கலந்த வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, வெறும் வெந்நீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள்.

பிறகு சேர்த்தது: எவர்சில்வரில் பிடிக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். அதன் குரோமியம் ஆக்சைடு தேய்த்த உடனே திரும்பி வந்துவிடும். பாஸ்பாரிக் அமில பிளக்ஸ் வாங்குங்கள். பிளக்ஸ் ஈரத்தோடே எமரி போடுங்கள். சாதா இரும்பைவிடவும் அது சூட்டைக் குறைவாகக் கடத்துவதால் பிளக்ஸ் இன்னும் சீக்கிரம் கருகும். உணவுப் பாத்திரமானால் காரீயம் கலந்த சால்டர் ஆகாது. 221 டிகிரியில் உருகும் 96/4 வெள்ளீய–வெள்ளி சால்டர் எடுங்கள்.

சர்க்யூட் போர்டு பக்கம் இந்த பிளக்ஸைக் கொண்டுபோகாதீர்கள், செம்புத் தடங்களை அரித்துவிடும். உருளை வடிவ லித்தியம் செல்லின் உறையும் பெரும்பாலும் எஃகுதான், ஆனால் அதில் நேரடியாக அயர்ன் வைக்காதீர்கள். சூடு உள்ளே போய்ச் செல் கெடும், தீயும் பிடிக்கலாம். நிக்கல் பட்டை ஸ்பாட் வெல்டிங் செய்த செல்லாக வாங்கி, பட்டையின் நுனியில் சால்டர் செய்யுங்கள்.