ஊர்காவற்துறைக்குக் காது கொடுக்கப் போங்கள்

இந்த முறை ஊருக்குப் போனால் நயினாதீவுப் பயணத்தோடு ஊர்காவற்துறையையும் சேர்த்து ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நம்மில் பலர் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வான் வண்டியில் விரைந்து, படகேறி, அம்மாளைக் கும்பிட்டுவிட்டு நேரே யாழ்ப்பாணம் திரும்பிவிடுகிறோம், பக்கத்திலேயே அவ்வளவு பழைய துறைமுகம் ஒன்று இருப்பது பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை.

காலையில் நயினாதீவிலேயே கதையைத் தொடங்குங்கள். நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, பொலன்னறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்துறைக்கு, வரும் பிறநாட்டு வணிகர்களுக்குப் பாதுகாப்புத் தர வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு சரக்கென்றால் பாதிக்குப் பாதி. இருபது குதிரை என்றால் அரசனுக்கு எத்தனை என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். என் மருமகன், "குதிரை நீந்திக் கரைக்கு வந்துவிட்டால்?" என்று திருப்பிக் கேட்டான், எனக்குப் பதில் வரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலணை வழியாக ஊர்காவற்துறை. இங்கே பாட்டுக்கு ஆள் தேடுங்கள். அம்பா என்பது கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடும் பாட்டு, இழுவையின் தாளம்தான் அதன் தாளம். வயதான கடற்தொழிலாளி ஒருவரைக் கதிரையில் இருத்தி ஒலிவாங்கியை நீட்டினால் அவருக்கு இரண்டு வரிக்கு மேல் வராது. கயிறு ஒன்றைக் கையில் கொடுத்து உங்கள் பிள்ளைகளையும் மறுமுனையில் பிடிக்கவிடுங்கள், அப்புறம் பாருங்கள். கூத்துப் பாட்டு வேண்டுமென்றால் அங்குள்ள தேவாலயத்தில் விசாரியுங்கள், கத்தோலிக்கக் கூத்துப் பழக்கம் உள்ள கரை இது. மேடை, பொன்னாடை, தலைமையுரை எதுவும் வேண்டாம், அது தொடங்கினால் பாட்டுக்கு நேரம் இருக்காது. பதிவு செய்யுமுன் கேளுங்கள், பிரதி ஒன்றை அவருக்கும் கொடுங்கள்.

சாயந்தரம் காரைநகருக்குப் ‘பாதை’ என்கிற மிதவையில் கடலைக் கடந்து பொன்னாலைப் பாலத்தால் திரும்பலாம். பாதை ஓடுகிறதா, வானை ஏற்றுவார்களா என்று முதலே விசாரித்துவிடுங்கள். கடலுக்கு நடுவே தெரிவது போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பிடித்த கடற்கோட்டை. கடற்படையின் இடங்களைப் படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் துறைமுகத்தில் கப்பலில் யானை ஏற்றிய கதையை அந்தக் கொஞ்ச நேரக் கடப்புக்கு மிச்சம் வையுங்கள்.