மலைமேல் பன்றிக்கறி: சீன, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் முறைகளில் மூன்று சமையல்

சீனப் பன்றிக்கறி செய்முறை எதை எடுத்தாலும் "ஒரு மணி நேரம் சிம்மில் வேகவிடவும்" என்று ஒரு வரி இருக்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அதை நம்பி ஒரு மணி நேரத்தில் அடுப்பை அணைத்தால், கறி வெந்திருக்கும், தோல் வெந்திருக்காது. கடித்தால் இழுபடும். செய்முறையில் தப்பில்லை, உயரம்தான் காரணம். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் 94ஐ ஒட்டி. தீயைக் கூட்டினால் ஆவி அதிகமாகுமே தவிர, தண்ணீர் அதற்கு மேல் சூடேறாது. தோலிலும் சவ்விலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் கரைந்தால்தான் பன்றிக்கறி மெத்தென்று ஆகும். சூடு குறைந்தால் அது கரைய நேரம் பிடிக்கும்.

எண்ணெயில் நடக்கும் வேலை மலையில் பெரிதாக மாறுவதில்லை. தாளிப்பது, வறுப்பது, சர்க்கரையை உருக்கிச் சிவக்க வைப்பது எல்லாம் கீழே எப்படியோ இங்கும் அப்படித்தான். தண்ணீரில் வேகும் கட்டத்துக்கு மட்டும் நேரத்தைக் கூட்டுங்கள். எந்த ஊர்ச் செய்முறையை எடுத்தாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கறி வாங்கும்போது

சீன முறைக்கும் பிலிப்பைன்ஸ் முறைக்கும் வயிற்றுப் பகுதி வேண்டும், தோலோடு. கடையில் 'பெல்லி' என்றாலும் புரிந்துகொள்வார்கள். தோல், கொழுப்பு, கறி, மறுபடி கொழுப்பு, கறி என்று அடுக்கடுக்காக இருக்க வேண்டும். கொழுப்பு மட்டும் இரண்டு விரல் கனத்துக்கு நிற்கும் துண்டு வேண்டாம். முக்கியமாக, கடையிலேயே துண்டு போடச் சொல்லாதீர்கள். குழம்புக்கு வெட்டுவதுபோல எலும்பும் கறியுமாகச் சின்னச் சின்னதாக நறுக்கிவிடுவார்கள். இரண்டு மணி நேரம் வேகும்போது சின்னத் துண்டு உதிர்ந்துவிடும். ஒரே பட்டையாக வாங்கி வந்து வீட்டில் வெட்டுங்கள்.

தோலைச் சுட்டுச் சுரண்டித்தான் தருவார்கள். ஆனாலும் முடியின் வேர்கள் தோலுக்குள் நிற்கும். விரலால் தடவிப் பார்த்தால் நெருடும். கத்தியைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டி, வெந்நீரில் ஒருமுறை கழுவுங்கள். கறிக்குள் அரிசி அளவில் வெள்ளை நீர்க்கொப்புளங்கள் தென்பட்டால் அந்தக் கறியே வேண்டாம், அது நாடாப்புழுவின் அறிகுறி. வளர்ப்புப் பன்றி அறுக்கும், நீங்கள் நம்பும் கடையிலேயே வாங்குங்கள்.

சீனத்துச் செங்கறி (ஹொங் ஷாவ் ரோ)

நான்கு பேருக்கு: தோலோடு வயிற்றுக்கறி 750 கிராம், பொடித்த கல்கண்டு இரண்டரை டேபிள்ஸ்பூன், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், இஞ்சி 20 கிராம் (தோல் சீவி வட்டமாக நறுக்கியது), வெங்காயத்தாள் 3, அன்னாசிப்பூ 2, பட்டை இரண்டு அங்குலத் துண்டு ஒன்று, பிரிஞ்சி இலை 2, லைட் சோயா சாஸ் 2 டேபிள்ஸ்பூன், டார்க் சோயா சாஸ் 2 டீஸ்பூன். சீனர்கள் இதில் ஷாவ்சிங் என்ற அரிசி ஒயினை ஊற்றுவார்கள். இனிப்பில்லாத ஷெர்ரி ஒயின் கிடைத்தால் 3 டேபிள்ஸ்பூன் ஊற்றலாம், கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். மதுவுக்குப் பதிலாக வினிகர் ஊற்ற வேண்டாம், இந்தக் குழம்பில் புளிப்புக்கு இடமில்லை.

முதலில் கறியை ஒன்றரை அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் தோல் இருக்கட்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் மேற்புறம் உடனே இறுகி, ரத்தமும் கசடும் உள்ளேயே தங்கிவிடும். கொதி வந்த பிறகு 5 நிமிடம் விட்டு, சாம்பல் நிறத்தில் மிதக்கும் நுரையோடு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துண்டுகளை வெதுவெதுப்பான நீரில் கழுவி வடிகட்டுங்கள். பிறகு ஒரு துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். அடுத்த கட்டத்தில் ஈரக்கறி சூடான சர்க்கரையில் விழுந்தால் முகம்வரை தெறிக்கும்.

அடுத்தது சர்க்கரை. இந்தச் சமையலின் நிறமும் மணமும் இங்கேதான் தீர்மானமாகிறது. அடிகனமான சட்டியில் எண்ணெயும் கல்கண்டும் போட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கல்கண்டு முதலில் கரையும், பிறகு வெளிர் மஞ்சளாகும், ஓரத்தில் சிறு குமிழ்கள் கிளம்பும். மஞ்சள் தேன் நிறத்துக்கு மாறி, பால் ஊற்றாத டீயின் நிறம் வந்ததும் கறியைக் கொட்டிவிடுங்கள். தேன் நிறத்திலிருந்து டீ நிறத்துக்கு வர அரை நிமிடம்கூட ஆகாது. அதனால் கறியைக் கையருகே வைத்துக்கொண்டுதான் சர்க்கரையை அடுப்பில் வைக்க வேண்டும். புகை கிளம்பிவிட்டால் கசப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். அதில் கறியைப் போட்டு ஒப்பேற்ற முடியாது, சட்டியைக் கழுவி மறுபடி தொடங்குங்கள், போவது இரண்டரை ஸ்பூன் கல்கண்டுதான். பயந்து மஞ்சளிலேயே கறியைப் போட்டால் இனிப்பு நிற்கும், நிறம் வராது. அப்போது பலர் டார்க் சோயாவைக் கூடுதலாக ஊற்றுவார்கள். நிறத்தோடு உப்பும் ஏறிவிடும்.

கறியை மூன்று, நான்கு நிமிடம் பிரட்டுங்கள். துண்டுகளின் எல்லாப் பக்கமும் பளபளப்பு ஒட்டும். இஞ்சி, முடிச்சுப்போட்ட வெங்காயத்தாள், அன்னாசிப்பூ, பட்டை, இலை சேர்த்து ஒரு நிமிடம் வதக்கி, சோயா சாஸ் இரண்டையும் (ஷெர்ரி இருந்தால் அதையும்) சட்டி ஓரமாக ஊற்றுங்கள். பிறகு கறி மூழ்கும் அளவுக்கு வெந்நீர், சுமார் 600 மில்லி. மார்கழியில் ஊட்டிக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் சட்டி மறுபடி சூடேறவே கால் மணி போய்விடும், கறியும் இறுகும். பக்கத்து அடுப்பில் ஒரு கெட்டில் வெந்நீர் எப்போதும் இருக்கட்டும்.

கொதி வந்ததும் சிம்மில் வைத்து மூடிவிடுங்கள். மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் கறி நார்நாராகும், கொழுப்பு பிரிந்துவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஒன்றே முக்கால் மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். குன்னூரில் ஒன்றரை மணியில் பார்க்கத் தொடங்கலாம். அரை மணிக்கு ஒருமுறை திறந்து, தண்ணீர் கறிக்குக் கீழே இறங்கியிருந்தால் வெந்நீர் ஊற்றுங்கள். வெந்ததா என்று கறியில் குத்திப் பார்க்க வேண்டாம். தோலில் குத்துங்கள். ஒரு விளக்குமாற்றுக் குச்சியைக் கழுவித் தோலின் நடுவில் வைத்து அழுத்தினால், துண்டு நகராமல் குச்சி இறங்க வேண்டும். குச்சி தோலைத் தள்ளிக்கொண்டு போனால் இன்னும் 20 நிமிடம்.

வெந்த பிறகு மூடியை எடுத்துவிட்டு, வெங்காயத்தாளையும் பட்டையையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, பெரிய தீயில் சுண்ட விடுங்கள். கரண்டி போட்டுக் கிளறினால் துண்டு உடையும், சட்டியின் காதைப் பிடித்து ஆட்டிவிடுங்கள். பத்து நிமிடத்தில் குழம்பு கெட்டியாகிக் கறியில் ஒட்டும். உப்பு இப்போதுதான், அதுவும் ருசி பார்த்துவிட்டு. முன்னமே போட்டால் சுண்டியபின் கைத்துப்போகும். ஒரேயடியாகச் சுண்டி எண்ணெய் தனியாக மிதந்தால் பதறாதீர்கள். மூன்று ஸ்பூன் வெந்நீர் விட்டுச் சட்டியை ஆட்டினால் குழம்பு மறுபடி சேர்ந்துகொள்ளும். சுண்டத் தொடங்கும் முன் அவித்த முட்டை நான்கைக் கீறிப் போடலாம்.

குக்கரில் செய்பவர்கள் வெந்நீரை 300 மில்லியாகக் குறையுங்கள். விசிலை எண்ணாதீர்கள், ஒவ்வொரு குக்கருக்கும் ஒவ்வொரு கணக்கு. முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து 25 நிமிடம், பிறகு ஆவி தானாக அடங்கும்வரை தொடாதீர்கள். கீழே 20 நிமிடம் போதும். குக்கருக்குள்ளும் மலை கொஞ்சம் தலையிடும். வெயிட் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் அழுத்தம் சேர்க்கிறது, இங்கே வெளிக்காற்றே மெலிசு. அதனால் உள்ளே சூடு மூன்று, நான்கு டிகிரி குறைவு. குக்கரில் தோல் நன்றாக வேகும், குழம்பின் ஆழம் மட்டும் சட்டியில் செய்ததற்குக் கொஞ்சம் குறையும். சுண்ட வைக்கும் வேலையைத் திறந்த சட்டியில்தான் செய்ய வேண்டும்.

மறுநாள் இது இன்னும் நன்றாக இருக்கும். ராத்திரிக் குளிரில் மேலே வெள்ளையாக உறையும் கொழுப்பை வழித்தெடுத்து ஒரு டப்பாவில் வையுங்கள். ஊட்டி உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் அதில் வதக்கினால் வேறு மசாலாவே வேண்டாம்.

தாய்லாந்துத் துளசிக் கொத்துக்கறி (பாட் கிராபாவ்)

இது பதினைந்து நிமிட வேலை. தாய்லாந்தில் இதற்குப் போடும் கிராபாவ் இலை நம் துளசியின் இனம்தான், அங்கே வளரும் ரகத்தில் காரம் கொஞ்சம் கூடுதல். துளசியைக் கறியில் போட மனம் வராத வீடுகளில் திருநீற்றுப் பச்சிலை போடலாம். மணம் இனிப்பாக மாறும், ஆனால் பொருந்தும்.

பன்றிக் கொத்துக்கறி 300 கிராம், ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்போடு. பூண்டு 6 பல் (மலைப்பூண்டு என்றால் 4 போதும், காரம் அதிகம்), காந்தாரி மிளகாய் 5, எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், ஆய்ஸ்டர் சாஸ் 1 டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், இலை ஒரு பெரிய கைப்பிடி. ஃபிஷ் சாஸ் 2 டீஸ்பூன் வேண்டும். அது நெத்திலியையும் உப்பையும் ஊறவைத்து எடுப்பது. கிடைக்காவிட்டால் நெத்திலிக் கருவாடு நான்கைத் தலை கிள்ளி, வறுத்து, பொடித்துப் போடுங்கள்.

பூண்டையும் மிளகாயையும் உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்ஸியில் அரைத்தால் விழுதாகி அடிப்பிடிக்கும். இரும்பு வாணலியை வெறுமையாகச் சுடவைத்து, எண்ணெய் விட்டு, இடித்ததைப் போட்டு 20 விநாடி. கறியைப் பரப்பிப் போட்டு ஒரு நிமிடம் கிளறாமல் விடுங்கள், அடி சிவக்கட்டும். பிறகு உடைத்துக் கிளறுங்கள்.

இதில் பெரும்பாலும் கெடுவது ஒன்றுதான். கறி வறுபடாமல் தன் தண்ணீரிலேயே அவிந்து சாம்பல் நிறமாகிவிடும். ஃப்ரிட்ஜில் இருந்து நேராகப் போடுவது, ஒரே நேரத்தில் அரை கிலோ போடுவது, தீ போதாதது, இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். பனிக்காலத்தில் முடியப்போகிற சிலிண்டரில் தீ மந்தமாகவே எரியும், கேஸ் குளிரில் மெதுவாகத்தான் ஆவியாகும். அப்படிப்பட்ட நாளில் கறியை இரண்டு தடவையாகப் போட்டு வறுங்கள். கறி தண்ணீர் விட்டுவிட்டால், அது முழுக்க வற்றி எண்ணெய் சடசடக்கும்வரை சாஸ் எதுவும் ஊற்றாதீர்கள்.

கறியில் இளஞ்சிவப்பு எங்கும் மிச்சமிருக்கக் கூடாது. முழுத்துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்புறத்தில் நிற்கும், கொத்தும்போது அது கறி முழுக்கக் கலந்துவிடும். பிறகு சாஸ்களும் சர்க்கரையும் இரண்டு ஸ்பூன் தண்ணீரும் சேர்த்து ஒரு நிமிடம், அடுப்பை அணைத்துவிட்டு இலை. சூட்டிலேயே இலை வதங்கும். அடுப்பு எரியும்போது போட்டால் மணம் முழுக்க ஆவியோடு போய்விடும். சோறு, ஓரம் முறுகப் பொரித்த முட்டை, இவற்றோடு சாப்பிடுவது வழக்கம்.

சோற்றுக்குப் பாஸ்மதி வேண்டாம், கொஞ்சம் ஒட்டும் பச்சரிசியே நல்லது. இந்த உயரத்தில் திறந்த பானையில் வடித்தால் அரிசியின் நடு கடிபடும், குக்கரில் வையுங்கள்.

பிலிப்பைன்ஸ் அடோபோ

குளிர் நாளுக்கு ஏற்றது, வேலையும் குறைவு. அரை கிலோ வயிற்றுக்கறி, சோயா சாஸ் கால் கப், நசுக்கிய பூண்டு 10 பல், முழு மிளகு 1 டீஸ்பூன், பிரிஞ்சி இலை 3, தண்ணீர் ஒரு கப், வினிகர் கால் கப். தென்னை வினிகர் என்றால் இந்த அளவு சரி. மளிகைக் கடையில் கிடைக்கும் செயற்கை வினிகர் தொண்டையைக் கடிக்கும், அதில் 2 டேபிள்ஸ்பூன் போதும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சட்டியில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதி வந்து பத்து நிமிடம் மூடாமலும் கிளறாமலும் விடுங்கள், வினிகரின் பச்சை நெடி போகட்டும். அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு உலோகத்தை அரிக்கும். பிறகு மூடி, ஒன்றரை மணியிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் சிம்மில். இங்கும் சோதனை தோலில்தான்.

கடைசியில் துண்டுகளை எடுத்து ஒரு ஸ்பூன் எண்ணெயில் சிவக்க வறுத்து, சுண்டிய குழம்பை மேலே ஊற்றுங்கள். வினிகரும் உப்பும் இருப்பதால் ஃப்ரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். எடுக்கும்போதெல்லாம் தேவையானதை மட்டும் எடுத்து, கொதிக்கக் கொதிக்கச் சூடுபண்ணுங்கள். மொத்தச் சட்டியையும் தினம் சூடாக்கி ஆற வைத்தால் கறி உதிர்ந்துவிடும்.