பிரோஷரில் 120 பி.எஸ்., டைனோவில் 98 பி.எச்.பி.: எப்படி ஒப்பிடுவது?

கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று கொதிப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பிரோஷரில் இருப்பது இன்ஜினை மட்டும் பெஞ்சில் ஓட்டி, கிராங்க் (இன்ஜினின் சுழல் தண்டு) முனையில் அளந்த பவர். டைனோ (வீல்களை ரோலர்மேல் சுழலவிட்டுப் பவரை அளக்கும் கருவி) காட்டுவது கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தின்றது போக வீலுக்கு வந்து சேர்ந்த மிச்சம்.

முதல் வேலை, அலகை ஒன்றாக்குவது. பி.எஸ்., பி.எச்.பி. இரண்டும் குதிரைத்திறன்தான், ஆனால் அளவு கொஞ்சம் வேறு. 1 பி.எஸ். என்பது 0.7355 கிலோவாட், 1 பி.எச்.பி. 0.7457 கிலோவாட். இரண்டையும் கிலோவாட்டுக்கு மாற்றிவிடுங்கள், குழப்பமே வராது. மேலே உள்ள எண்கள் 88.3, 73.1 ஆகின்றன. வீலுக்கு வருவது சுமார் 83%.

அடுத்து டைனோ ஓட்டம். டயர் காற்றைச் சரிபாருங்கள். வண்டியைக் கட்டும் ஸ்ட்ராப்பை அளவுக்கு மீறி இறுக்கினால் டயர் நசுங்கிப் பவரைத் தின்னும். 1:1-க்கு (கியர்பாக்ஸுக்குள் போகும் சுற்றும் வெளிவரும் சுற்றும் சமம்) மிக அருகில் உள்ள கியரைப் போடுங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணையுங்கள். ஒரு ஜோடி வீல் மட்டும் சுற்றுவதைப் பார்த்து அது பவரை வெட்டிவிடும். இன்ஜின் சூடேறிய பிறகு மூன்று ஓட்டம் எடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் பவர் இறங்கிக்கொண்டே போனால் முன்னால் வைத்த ஃபேன் போதவில்லை என்று அர்த்தம்.

பலரும் தடுக்கி விழும் இடம், அன்றைய வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப அளந்த எண்ணைத் திருத்தும் கரெக்‌ஷன். எஸ்.ஏ.ஈ. ஜே1349 (அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரவிதி) கணக்கு 25 டிகிரி வெப்பம், 990 மில்லிபார் உலர்காற்று அழுத்தத்துக்கானது. சென்னையில் மே மாத மதியம் 38 டிகிரி, அழுத்தம் 1005 என்று வையுங்கள். புழுக்கத்தில் நீராவியே 30 மில்லிபார் இருக்கும். அதைக் கழித்தால் உலர்காற்று 975தான். வெப்பத்தைக் கெல்வினில் (டிகிரி + 273) போடுங்கள். 1.18, 0.18 இரண்டும் அந்தக் கணக்கிலேயே உள்ள நிலையான எண்கள்.

990 ÷ 975 × √(311 ÷ 298) = 1.037
1.18 × 1.037 − 0.18 = 1.044

அதாவது ரோலரில் அளந்த எண்ணோடு 4.4% கூடும். ஈரப்பதத்தைக் கழிக்க மறந்தால் இந்தத் திருத்தத்தில் பெரும்பகுதி காணாமல் போகும். பிரிண்ட் அவுட்டில் 'எஸ்.டி.டி.' என்று இருந்தால் அது வேறு கணக்கு, எஸ்.ஏ.ஈ.யைவிட ஏறக்குறைய 4% கூடுதலாகக் காட்டும். திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கடையை நம்பாதீர்கள்.

வீல் பவரிலிருந்து கிராங்க் பவருக்குப் போக 1.15-ஆல் பெருக்குவது தவறு. இழப்பு 15% என்றால் 0.85-ஆல் வகுக்க வேண்டும்: 98 ÷ 0.85 = 115.3. பெருக்கினால் 112.7தான் வரும். அந்த 15%-கூட உத்தேசம்தான். கிளட்ச்சை மிதித்து ரோலர் தானாக நிற்கும்வரை இழப்பை அளக்கும் டைனோவையே தேர்ந்தெடுப்பேன்.

பின்சேர்க்கை: டர்போ வண்டிக்கு இந்தக் கரெக்‌ஷனை அப்படியே போடாதீர்கள். வெளியழுத்தம் குறைந்தாலும் ஈ.சி.யு. (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, ஏற்றி ஓரளவு ஈடுகட்டிவிடும். அதன்மேல் கரெக்‌ஷனையும் சேர்த்தால் இல்லாத பவர் காகிதத்தில் வந்துவிடும். டியூனிங்குக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதானால் அதே டைனோ, அதே கியர், முடிந்தால் அதே காலை நேரம்.