கடுகடுப்பான மூத்த துப்பறிவாளரை எழுதுவது எப்படி? பினாங்குக் களத்தில் ஒரு செய்முறை

தொலைக்காட்சிக்குக் குற்ற நாடகம் எழுதத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் உருவாக்க ஆசைப்படுவது, எல்லாரிடமும் எரிந்து விழுந்தாலும் எடுத்த வழக்கை விடாத மூத்த துப்பறிவாளரைத்தான். காட்சிக்கு ஒருவரைத் திட்டவைத்தால் போதும் என்று எழுதப்படும் அந்தப் பாத்திரம் இரண்டாம் அத்தியாயத்திலேயே சலித்துவிடும். அவருடைய கோபம் எதைக் காக்கிறது என்பது எழுதுகிறவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ்டவுனில் நடக்கும் ஒரு கொலை வழக்கை வைத்துக்கொண்டு அதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: பதவியை முடிவு செய்யுங்கள்

பெயர் வைப்பதற்கு முன்பே பதவியை வையுங்கள். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து படிப்படியாகச் சார்ஜனாக உயர்ந்த ஒருவர், 60 வயதில் வரவிருக்கும் கட்டாய ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் மீதமிருக்க, பட்டம் பெற்று நேரடியாக இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த ஓர் இளம் பெண்ணுக்குக் கீழே பணியாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள ஜெலுத்தோங் பகுதியில் எந்தச் சந்து எந்தக் கடைக்குப் பின்னால் முடிகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. அவர் அவளைப் "புவான்" (மலாயில் 'மேடம்') என்று அழைத்தாக வேண்டும். அந்தச் சொல்லை அவர் எந்தக் குரலில் சொல்கிறார் என்பதிலேயே பாதிப் பாத்திரம் அமைந்துவிடும்.

இரண்டாம் படி: சட்டம் அவருடைய கையை எங்கே கட்டுகிறது என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். மேசையைத் தட்டி, சட்டையைப் பிடித்து வாக்குமூலம் வாங்கியதும் வழக்கு முடிந்துவிடுவதாக எழுதுகிறார்கள். மலேசியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 113ஆவது பிரிவின்படி, விசாரணையின்போது போலீசாரிடம் சொல்லப்பட்ட வாக்குமூலத்தைச் சில விதிவிலக்குகள் தவிர நீதிமன்றத்தில் சான்றாகப் பயன்படுத்த முடியாது. ஆனால், காவலில் இருப்பவர் தரும் தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவலில் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 27ஆவது பிரிவு ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, அனுபவமுள்ள சார்ஜனுக்கு ஒப்புதலில் அக்கறை இருக்காது, கத்தியில்தான் இருக்கும்.

காலக்கெடுவும் உங்களுக்குக் கதையமைப்பைத் தருகிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். கொலை போன்ற கடும் குற்றத்துக்கு முதலில் அதிகபட்சம் 7 நாளும், மீண்டும் விண்ணப்பித்தால் இன்னொரு 7 நாளும் தடுப்புக் காவல் கிடைக்கும். ஜாலான் பட்டாணியில் உள்ள மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்கும் லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்துக்கும் இடையே அந்த 14 நாளையும் எண்ணிக்கொண்டே அவர் அலைந்தால், எரிச்சல் தானாக வந்துவிடும். நீங்கள் தனியாக ஊட்ட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: கோபத்தைச் சரியான ஆள்மேல் திருப்புங்கள்

கைதியிடம் அவர் அமைதியாகப் பேசட்டும். தடயத்தை உறையிலிட்டுக் கையெழுத்திட மறந்த கான்ஸ்டபிளிடம் கத்தட்டும், ஏனென்றால் வழக்கு உடைவது அங்கேதான். ஒரு மாதிரி:

"சார்ஜன், அவன் ஒத்துக்கிட்டான்."

"நல்லது புவான். அதைக் கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டுங்க. கத்தி எங்கேன்னு கேட்டீங்களா?"

இந்த இரண்டு வரியில் அவருடைய அனுபவம், ஏளனம், பதவி வேறுபாடு மூன்றும் வந்துவிடுகின்றன. இதற்குமேல் விளக்க வசனம் எதையும் சேர்க்காதீர்கள். மனைவி இறந்தது, மகள் பேசாதது போன்ற பழைய காயங்களை முதல் அத்தியாயத்திலேயே கொட்டும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை. இரக்கத்தை முன்பணமாகக் கேட்பதாகவே அது எனக்குப் படுகிறது.

நான்காம் படி: தோற்றம்

கசங்கிய சட்டை, மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) குடிக்கப்படாமல் ஆறும் தே தாரிக் எனும் ஆற்றிய பால் தேநீர். இரண்டில் ஒன்று போதும்.

ஐந்தாம் படி: அவரது அறிவில் ஒரு பழைய மூலையை விட்டுவையுங்கள்

எல்லாம் தெரிந்தவர் சுவாரசியமற்றவர். கொலைக்குத் தூக்குதான் என்று பல்லாண்டுகளாகச் சொல்லிப் பழகியவர், சந்தேக நபரின் தாயிடமும் அப்படியே சொல்லிவிடுகிறார். கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் நீங்கிவிட்டது, நீதிபதி 30 முதல் 40 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்கிறாள். அவர் எதுவும் பேசாமல் காரை எடுக்கப் போகட்டும். மன்னிப்புக் கேட்கவைத்தால் பாத்திரம் கெட்டுவிடும்.

ஆறாம் படி: சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள்

நீதிமன்ற விசாரணைகள் பொதுவாகப் பொதுமக்களுக்குத் திறந்தவை என்பதால், எழுதுவதற்கு முன் ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து, போலீஸ் சாட்சி ஒருவரை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வதைக் கேளுங்கள். வழக்கறிஞர் ஒவ்வொன்றாகக் கூற்றுகளை முன்வைப்பார். சாட்சி மலாயில் "செத்துஜு" (ஒப்புக்கொள்கிறேன்) என்றோ "திடாக் செத்துஜு" (ஒப்புக்கொள்ளவில்லை) என்றோ பதில் சொல்வார். நாடகம் முழுக்க ஊரையே அதட்டியவருக்கு அங்கே கிடைப்பது அந்த இரண்டு பதில்கள்தாம். உறையில் இல்லாத அந்தக் கையெழுத்தைப் பற்றிய கேள்வியை வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டு, உச்சக்காட்சியை அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.