ஸ்கேனில் ‘கல்லீரலில் கொழுப்பு’ என்று வந்தால்

மது அருந்தும் பழக்கம் இல்லையே என்று அறிக்கையை மடித்து வைத்துவிடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பில் ஒரு வகை), இடுப்புச் சுற்றளவு நான்கையும் பார்த்துவிடுங்கள். இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலில் இவையும் கல்லீரல் கொழுப்பும் பெரும்பாலும் கூட்டாகவே வருகின்றன. 2023இல் கொழுப்புக் கல்லீரல் நோயின் பெயரிலேயே ‘வளர்சிதை மாற்றம்’ (உடல் உணவைச் சக்தியாக்கிப் பயன்படுத்தும் முறை) என்பதைச் சேர்த்தது இதனால்தான்.

ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் அளவு இயல்பாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம் (பலர் ஏமாறுவது இங்கேதான்). வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரு என்சைம்கள், ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து, கல்லீரல் தழும்பைக் கணிக்கும் ‘ஃபிப்-4’ மதிப்பெண்ணைக் கணக்கிட்டுத் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். 1.3க்குக் கீழே என்றால் கல்லீரலில் தழும்பு முற்றியிருக்கும் வாய்ப்பு குறைவு. 65 வயதைக் கடந்தவர்களுக்கு அந்த எல்லை 2.

எடை கூடியவர்கள் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கொழுப்போடு அழற்சியும் தணியும். இனிப்புப் பானங்களிலிருந்து தொடங்குங்கள். பட்டினி கிடந்து அவசரமாக இளைப்பது கல்லீரலுக்கே கேடு.