பதிமூன்று கேள்விக்குறி: தமிழ்ப் படிவம் செய்யும்போது புதியவர்கள் செய்யும் தவறுகள்

இணையதளங்களுக்கான நிரல்மொழியான பிஎச்பி படிக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்த நேரம். ஒரு நூலகத்தின் கோடைக்கால வாசிப்புப் போட்டிக்குப் பதிவுப் படிவம் செய்து கொடுத்தேன். என் லேப்டாப்பில் எல்லாம் அழகாக ஓடியது. சர்வரில் ஏற்றியாயிற்று, முதல் நாளே நாற்பது பிள்ளைகள் பதிவு செய்துவிட்டார்கள். மாலையில் பட்டியலைத் திறந்தால், பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி. முத்துலட்சுமி என்ற பிள்ளையின் பெயருக்குப் பதிலாகப் பதிமூன்று கேள்விக்குறி வரிசையாக நின்றன. கைபேசி எண்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. நாற்பது வீட்டுக்கும் போன் போட்டு, "உங்கள் பிள்ளையின் பெயர் என்னங்க?" என்று கேட்டு எழுதினேன்.

ஏழு எழுத்துப் பெயருக்கு ஏன் பதிமூன்று கேள்விக்குறி என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிற பாதி விஷயம் அன்றே விளங்கியிருக்கும்.

குப்பையைப் படிக்காமல் கைவைப்பது

தமிழ் சரியாக வரவில்லை என்றதும் புதியவர்கள் எல்லாவற்றையும் 'ஃபான்ட் பிரச்சினை' என்று சொல்லிவிடுகிறார்கள். திரையில் என்ன வந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே கோளாறு எங்கே என்று முக்கால்வாசி தெரிந்துவிடும்.

வெறும் கட்டம் கட்டமாக வந்தால் அது உண்மையிலேயே ஃபான்ட் பிரச்சினைதான். தரவு நன்றாக இருக்கிறது, பார்க்கிற கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட பதிவுக்குறி, இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) தமிழை யாரோ லத்தீன் எழுத்தாக நினைத்துப் படிக்கிறார்கள் என்று பொருள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. முதல் பைட்டு எப்போதும் ஒன்றேதான். இரண்டாவது இரண்டில் ஒன்று. அதனால்தான் அந்த ஜோடி சலிக்காமல் வந்துகொண்டே இருக்கிறது. இதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்தால், மூன்று பைட்டில் நடுவே எங்கோ வெட்டு விழுந்திருக்கிறது.

வெறும் கேள்விக்குறி வந்தால் சிக்கல். பெரும்பாலும், எழுதும்போதே டேட்டாபேஸ் அந்த எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, அதன் இடத்தில் நிஜமான ஒரு கேள்விக்குறியைச் சேமித்திருக்கிறது. அதைத் திரும்பத் தமிழாக்க எந்த வழியும் இல்லை. போன் போட வேண்டியதுதான்.

என் விஷயத்தில் நடந்தது இது. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் பழைய பதிப்புகளில், எதுவும் சொல்லாமல் டேபிள் உருவாக்கினால் அது லத்தீன்1 முறையில்தான் உருவாகும்; அதில் தமிழுக்கு இடமே இல்லை. 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் அதை யூடிஎஃப்8எம்பி4 (முழு யூடிஎஃப்-8-க்கு அங்கே வைத்த பெயர்) என்று மாற்றினார்கள். என் லேப்டாப்பில் இருந்தது புதியது, சர்வரில் இருந்தது பழையது. தப்பான தரவை ஏற்க மறுக்கும் 'ஸ்டிரிக்ட் மோட்' இயக்கப்பட்டிருந்தால் அதுவாவது பிழை காட்டி நின்றிருக்கும், அதுவும் இல்லை. சத்தமே போடாமல் கேள்விக்குறிகளை வாங்கி வைத்துக்கொண்டது.

காட்டும் இடத்தில் ஒட்டுப்போடுவது

குப்பை எழுத்தைப் பார்த்ததும், இணையத்தில் தேடி, காட்டுகிற இடத்தில் எழுத்துமுறையை மாற்றும் ஒரு செயற்கூற்றை (ஃபங்ஷன்) சுற்றிவிடுவது அடுத்த தவறு. பிஎச்பியில் 'யூடிஎஃப்8_என்கோட்' என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்தால் நமக்காகவே செய்ததுபோல இருக்கும். அது செய்வதோ, லத்தீன்1-ஐ யூடிஎஃப்-8 ஆக்குவது மட்டும். ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருக்கும் தமிழை அதில் போட்டால் இரட்டைக் குப்பை கிடைக்கும். இந்தக் குழப்பத்தாலேயே 2022-இல் வந்த பிஎச்பி 8.2-இல் அதை ஒதுக்கிவைத்தார்கள்.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு: எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் உள்ளே தப்பாக இருக்கும். டேபிள் யூடிஎஃப்-8, ஆனால் பிஎச்பிக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவிலுள்ள இணைப்பு லத்தீன்1 என்று வையுங்கள். உள்ளே போகும்போது ஒருமுறை தப்பாக மாறும், வெளியே வரும்போது அதே தப்பு திருப்பிப் போடப்படும். பக்கத்தில் தமிழ் ஜம்மென்று தெரியும். ஒரு வருடம் கழித்து வேறொருவர் வேறொரு நிரலால் அதே டேபிளைத் திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

சந்தேகம் வந்தால் பக்கத்தைப் பார்க்காதீர்கள், பைட்டைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் 'ஹெக்ஸ்' என்ற செயற்கூறு அதற்குத்தான் இருக்கிறது, ஒவ்வொரு பைட்டையும் இரண்டு இலக்கமாகக் காட்டும். 'த' என்ற எழுத்து சரியாகச் சேமிக்கப்பட்டிருந்தால் ஈ0, ஏஈ, ஏ4 என்று மூன்று பைட்டு வரும். சி3, சி2 என்றெல்லாம் ஆறு பைட்டு வந்தால் இரட்டை மாற்றம் நடந்திருக்கிறது. 3எஃப் என்று ஒரே பைட்டு வந்தால் அது கேள்விக்குறி, கதை முடிந்தது.

அப்புறம், வேர் எங்கே என்று வரிசையாகத் தேட வேண்டும். எடிட்டரில் ஃபைலைச் சேமித்தது யூடிஎஃப்-8 முறையிலா? பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துமுறையைச் சொல்லும் 'மெட்டா சார்செட்' வரி இருக்கிறதா, அதுவும் முதல் 1024 பைட்டுக்குள் இருக்கிறதா? சர்வர் அனுப்பும் ஹெடர் வேறு ஏதாவது சொல்கிறதா? இரண்டும் முரண்பட்டால் பிரவுசர் ஹெடரைத்தான் நம்பும், நீங்கள் எழுதிய மெட்டாவை அல்ல. டேட்டாபேஸ் இணைப்பைத் திறந்ததும் 'செட்_சார்செட்' கொடுத்தீர்களா? கடைசியாக, டேபிள் எந்த முறையில் இருக்கிறது? ஐந்தில் நான்கு சரியாக இருந்தாலும் தமிழ் கெட்டுப்போகலாம்.

இந்த இடத்தில் மைஎஸ்கியூஎல்லின் ஒரு பொறி. அதில் 'யூடிஎஃப்8' என்று வழங்கிவந்தது முழு யூடிஎஃப்-8 அல்ல, மூன்று பைட்டு வரைதான் வாங்கும். தமிழுக்கு மூன்று பைட்டு போதுமே என்று விட்டுவிடுவோம். யாராவது பெயருக்குப் பின்னால் ஒரு சிரிப்பு ஈமோஜி போடும்வரை பிரச்சினை தெரியாது. ஈமோஜிக்கு நான்கு பைட்டு. பழைய அமைப்புகளில் அந்த இடத்தோடு வாக்கியமே அறுந்துபோகும். எப்போதும் 'யூடிஎஃப்8எம்பி4' என்றே எழுதிப் பழகுங்கள்.

எழுத்தை எண்ணுவது

சரி, அந்தப் பதிமூன்றுக்கு வருவோம். நம் கண்ணுக்கு 'மு' ஒரு எழுத்து. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடுக்கு அது இரண்டு குறி: 'ம', பிறகு உகரக் குறி. 'த்' என்பதும் இரண்டு: 'த', பிறகு புள்ளி. இப்படி எண்ணினால் முத்துலட்சுமிக்குப் பதிமூன்று குறி, பைட்டுக் கணக்கில் முப்பத்தொன்பது. பிஎச்பியின் 'ஸ்டர்லென்' 39 என்று சொல்லும், 'எம்பி_ஸ்டர்லென்' 13 என்று சொல்லும், 'கிராஃபீம்_ஸ்டர்லென்' 7 என்று சொல்லும். மூன்றும் சரிதான், அவை எண்ணுகிற பொருள்தான் வேறு வேறு. ஜாவாஸ்கிரிப்டின் 'லெங்த்' இந்தப் பெயருக்கு 13 தரும்.

இது தெரியாமல் பெயர்ப் பெட்டிக்கு 'மேக்ஸ்லெங்த்' (அதிகபட்ச நீளம்) பத்து என்று வைத்துவிடுவார்கள். ஏழு எழுத்துப் பெயர்தானே என்று அந்தப் பிள்ளை தட்டிக்கொண்டே வரும். 'முத்துலட்ச' என்ற இடத்தில் விசை வேலை செய்யாமல் நின்றுவிடும். தமிழ்ப் பெயர்களுக்கு நான் நூறுக்குக் கீழே வைப்பதில்லை. தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் சேர்த்து எழுதுகிறவர்கள் உண்டு.

வெட்டுவதும் இதே கதைதான். கட்டுரையின் முதல் நூறு எழுத்தை முகப்பில் காட்ட 'சப்ஸ்டர்' போட்டால், மூன்று பைட்டின் நடுவில் வெட்டு விழுந்து கறுப்பு வைரம் முளைக்கும். உடனே 'எம்பி_சப்ஸ்டர்' போடுவார்கள். வைரம் போய்விடும், ஆனால் 'வந்தான்' என்பது புள்ளியை இழந்து 'வந்தான' என்று நிற்கும். இந்தத் தவறு முன்னதைவிட ஆபத்து, ஏனென்றால் தமிழ் தெரியாத யாரும் இதைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். 'கிராஃபீம்_சப்ஸ்டர்' இருக்கிறது, அதற்கு சர்வரில் 'இன்ட்ல்' என்ற பிஎச்பி நீட்சி வேண்டும். அழகுக்காக மட்டும் சுருக்குவதாக இருந்தால் வெட்டவே வேண்டாம்; சிஎஸ்எஸ்ஸின் 'டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ'விடம் விட்டுவிடலாம்.

இதை ஒரே நிமிடத்தில் கண்ணால் பார்க்க வேண்டுமா? எல்லா வகுப்பிலும் கொடுக்கிற பயிற்சி ஒன்று உண்டே, ஒரு சொல் முன்னும் பின்னும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்ப்பது. ஜாவாஸ்கிரிப்டில் சொல்லைப் பிரித்து, திருப்பி, சேர்த்து, மூலத்தோடு ஒப்பிடுவார்கள். அதற்கு 'விகடகவி' என்று கொடுத்துப் பாருங்கள். இல்லை என்று சொல்லிவிடும்! தெனாலிராமன் இருந்தால் சிரித்திருப்பான். காரணம், வ, இகரக் குறி, க, ட, க, வ, இகரக் குறி என்று ஏழாகப் பிரித்துத் திருப்பினால், இகரக் குறி தலைக்கு வந்து, பிடிக்க மெய் இல்லாமல் தொங்குகிறது. 'இன்ட்ல்.செக்மென்டர்' கொண்டு பிரித்தால் வி, க, ட, க, வி என்று ஐந்தாகப் பிரியும், விடையும் சரியாக வரும். 2024-இல் ஃபயர்ஃபாக்ஸும் சேர்த்துக்கொண்டபின் இது எல்லாப் பெரிய பிரவுசர்களிலும் கிடைக்கிறது.

பெயரைச் சோதிக்கிறேன் என்று விரட்டிவிடுவது

பெயரில் எழுத்து மட்டும்தான் இருக்க வேண்டும் என்று ஒரு ரெக்எக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் விதி) எழுதுவார்கள். ஆங்கில 'ஏ' முதல் 'இஸட்' வரை என்று எழுதினால் தமிழ்ப் பெயர் எதுவும் உள்ளே வராது, அது உடனே தெரிந்துவிடும். கொஞ்சம் படித்தவர்கள் 'யூனிகோடில் எழுத்து வகையைச் சேர்ந்த எதுவும்' என்று எழுதுவார்கள். இதில் ரமண, கமல என்று வந்தால் கடந்துபோகும். ரமணன் வந்தால் நிறுத்திவிடும். யூனிகோடில் புள்ளியும் கால், கொம்பு முதலான உயிர்க்குறிகளும் 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' என்ற தனி வகையில் இருக்கின்றன. இரண்டு வகையையும் அனுமதிக்க வேண்டும். இடைவெளியையும் தலைப்பெழுத்துக்குப் பின் வரும் புள்ளியையும் மறக்கக் கூடாது. என்னைக் கேட்டால், பெயருக்கு இந்தச் சோதனையே வேண்டாம். காலியாக இல்லாமல் இருந்தால் போதும்.

தேடினால் கிடைக்காத கௌரி

கௌரி என்று தேடினால் பட்டியலில் இருக்கிற ஒரு கௌரி வரமாட்டாள். ஏனென்றால் அவள் பெயரைத் தட்டியவர் ஔகாரக் குறியை விட்டுவிட்டு, ஒற்றைக் கொம்பும் 'ள' என்ற எழுத்தும் போட்டு 'கெளரி' என்று அடித்திருப்பார். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு பெயர். ஒரே எழுத்தின் வேறு வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் 'இயல்பாக்க'த்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

இயல்பாக்கம் உதவுகிற இடம் வேறு. 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம்; யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது. உள்ளே வாங்கும்போதே 'நார்மலைஸ்' செய்து ஒரே வடிவில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 'கெள' தட்டச்சுப் பிழை, அதற்குச் சமன்பாடு கிடையாது. சேமிப்பில் எல்லா 'ெள'வையும் 'ௌ' ஆக்கிவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் வெள்ளியும் கெளுத்தியும் பாழாகும். தேடும்போது இரண்டு வடிவத்தையும் சேர்த்துத் தேடுவதே நல்லது.

சிலர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டுவார்கள். 'தமிழ்' என்று ஒட்டியது உங்களிடம் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து சேரும். அதில் உள்ளது ஆங்கில எழுத்துதான், தமிழ் என்பது வெறும் வேஷம். சார்செட்டை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை, எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்க வேண்டும்.

இன்னும் இரண்டு

அகரவரிசை. வெறும் 'சார்ட்' போட்டால் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அங்கே 'ந'வுக்கும் 'ப'வுக்கும் நடுவில் 'ன' உட்கார்ந்திருக்கிறது. கண்ணன், கனகா, கபிலன் என்று வரும். நம் வரிசைப்படி னகரம் கடைசி என்பதால் கனகா கபிலனுக்குப் பின்னால்தான் வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் 'லோகேல்கம்பேர்' உடன் தமிழுக்கான மொழிக்குறியைக் கொடுங்கள்; பிஎச்பியில் 'கொலேட்டர்' இருக்கிறது.

அடுத்தது, இது யூடிஎஃப்-8 என்று காட்ட ஃபைலின் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் 'பாம்' (பைட் ஆர்டர் மார்க்) என்கிற மூன்று பைட்டு. பிஎச்பி ஃபைலை நோட்பேடில் பாமுடன் சேமித்தால், 'ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன' என்று பிழை வந்து லாகின் பக்கம் படுத்துவிடும். அதே பாம் இல்லாமல் பட்டியலை சிஎஸ்வி ஃபைலாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கொடுத்தால் எக்செலில் திறக்கிறவர்களுக்குத் தமிழ் குப்பையாகத் தெரியும். நிரலில் எடுத்துவிடுங்கள், எக்செலுக்குப் போகும் சிஎஸ்வியில் சேர்த்துவிடுங்கள்.

இப்போதெல்லாம் எந்தப் படிவம் செய்தாலும், திறந்துவிடுவதற்கு முன் சர்வரிலேயே சில பெயர்களைப் பதிந்து பார்க்கிறேன்: முத்துலட்சுமி, இரண்டு விதமாக அடித்த கௌரி, கண்ணன், கனகா, கபிலன், பின்னால் ஒரு ஈமோஜியுடன் விகடகவி. பட்டியலை எடுத்து, சிஎஸ்வியாக இறக்கி, ஹெக்ஸையும் பார்த்த பிறகுதான் சுட்டியைக் கொடுப்பது. பத்து நிமிட வேலை. நாற்பது போனுக்கு எனக்கு இரண்டு நாள் பிடித்தது.